600 எஃகுக் குழாய், பக்கத்துல ஒரு முகம்: எய்லா ஹில்டுனென் பத்திப் பேசலாம் வாங்க

உளிச்சத்தம் (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளா இந்தம்மா பத்தி எழுதணும்னு இருந்தேன். ஹெல்சின்கி போனவங்க எல்லாரும் பின்லாந்தோட பெரிய இசையமைப்பாளர் சிபெலியஸ் பேர்ல இருக்கற பார்க்ல அந்தக் குழாய்க் கூட்டத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துடறாங்க, அதைச் செஞ்சது யாருன்னு கேட்டா பத்துல ஒன்பது பேருக்குத் தெரியல. எய்லா ஹில்டுனென், பின்லாந்துச் சிற்பி. 1922ல பிறந்து 2003ல இறந்தாங்க. சிற்பத்தோட பேர் பாஸியோ மூஸிகே, லத்தீன்ல வச்சது. 1967 செப்டம்பர் 7 அன்னைக்குத் திறந்தாங்க.

கணக்கை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா போட்டோல அதோட கனம் தெரியாது. 600க்கும் மேல எஃகுக் குழாய், எல்லாம் உள்ள வெத்தா இருக்கறது, ஒண்ணோட ஒண்ணு வெல்ட் பண்ணி அலை மாதிரி தூக்கி நிறுத்தியிருக்காங்க. மொத்த எடை 24 டன். எட்டரை மீட்டர் உயரம், பத்தரை மீட்டர் நீளம், ஆறரை மீட்டர் அகலம். கீழ சில தாங்குகுழாய் மட்டும்தான், அதனால உள்ள போய் நேரா அடியில நின்னு மேல பாக்கலாம், ஒவ்வொரு குழாயும் ஒரு வட்டமா வானத்தைக் காட்டும்.

இப்போ விஷயத்துக்கு வரேன். சிபெலியஸ் 1957ல இறந்தப்புறம் சிபெலியஸ் சங்கம் நினைவுச்சின்னத்துக்குப் போட்டி வச்சுது. சுமார் 50 சிற்பிங்க மாதிரி அனுப்பினாங்க, முதல் சுத்துல முடிவு எட்டல. ரெண்டாம் சுத்துக்கு அஞ்சு பேர், அதுல ஜெயிச்சது ஹில்டுனென். உடனே ஊரே ரெண்டாப் பிரிஞ்சு போச்சு. எங்க சிபெலியஸோட முகம், இது என்ன ஆர்கன் (சர்ச்ல வாசிக்கற பெரிய குழாய் வாத்தியம்) குழாய், மனுஷன் ஆர்கனுக்கா எழுதினார்னு பத்திரிகைல எல்லாம் கேள்வி. கடைசில ஹில்டுனென் சிபெலியஸோட முகத்தையும் எஃகுலயே செஞ்சு, பக்கத்துலயே பாறை மேல தனியா வச்சாங்க.

என் கருத்து என்னன்னா அந்த முகம் இருந்திருக்கவே கூடாது. கேட்டதுக்குக் குடுத்த விலை அது. குழாய்ங்க சொல்றதை அந்த முகம் பாதியில வெட்டுது. இது சரியா தப்பான்னு பேசுவோம்னுதான் இழை போட்டேன்.

நேர்கோடு

நல்ல இழை. ஆனா நான் எதிர்க்கட்சி. பொது இடத்துல மக்கள் காசு போட்டு ஒருத்தரோட நினைவுக்குச் சின்னம் வைக்கும்போது அது யாருன்னு தெரியணும்ங்கற எதிர்பார்ப்பு தப்பா? ஒரு தாத்தா பேரனைக் கூட்டிட்டு வந்து இவர்தான் நம்ம சிபெலியஸ்னு விரல் நீட்டிக் காட்டணும்ல. குழாயைக் காட்டி எப்படிக் காட்டுவார். அந்தக் காலத்து ஆளுங்களை முட்டாள்னு ஒதுக்கறது எனக்கு ஒப்பல, அவங்க சிபெலியஸை நேர்ல பாத்த தலைமுறை, அவங்களுக்கு அந்த மொட்டைத் தலையும் புருவச் சுளிப்பும் வீட்டு மனுஷன் மாதிரி.

உளிச்சத்தம்

@நேர்கோடு முட்டாள்னு நான் எங்கயும் சொல்லல சார். ஆனா முகம் வேணும்னா முகம் ஏற்கெனவே இருந்துச்சு. வைனோ ஆல்தோனென்னு ஒரு சிற்பி 1935லயே பளிங்குல சிபெலியஸ் தலையைச் செதுக்கியாச்சு, பளிங்குக்குள்ள இருந்து பாதி வெளிய வந்த மாதிரி இருக்கும், பிரமாதமான வேலை. மறுபடியும் அதையே எதுக்குக் கேக்கணும்?

சிம்பொனிப்பித்தன்

ஆர்கன் விஷயத்துல எதிர்ப்பாளருங்க சொன்னதுல உண்மை இருக்கு, அதை முதல்ல ஒத்துக்கணும். சிபெலியஸ் ஆர்கனுக்கு எழுதினது ரொம்பக் கம்மி. ஓபஸ் 111ல ரெண்டு துண்டு, ஒண்ணு இன்ட்ராடா, 1925, இன்னொண்ணு சுருசோய்த்தோ, சாவு இசை, 1931ல ஓவியர் அக்செலி கல்லன்-கல்லேலாவோட இறுதிச் சடங்குக்கு எழுதினது. அப்புறம் ஃப்ரீமேசன் சடங்குக்கு எழுதின இசைல வருது. பெருசா அவ்ளோதான். மனுஷன் அடிப்படையில வயலின்காரர், சின்ன வயசுல பெரிய வயலின் வித்வான் ஆகணும்னு ஆசைப்பட்டவர், அவரோட வயலின் கான்செர்டோவை, அதாவது வயலினும் இசைக்குழுவும் சேந்து வாசிக்கற இசையை, இன்னைக்கும் உலகம் பூரா வாசிக்கறாங்க.

ஆனா நான் அதை ஆர்கன்னு பாக்கவே மாட்டேன். 1915 ஏப்ரல் 21ம் தேதி சிபெலியஸ் தன்னோட டைரில எழுதியிருக்கார், தன்னோட ஐனோலா வீட்டுப் பக்கம் 16 அன்னம் பறந்து போனதைப் பாத்ததா, வாழ்க்கைல அவ்ளோ பெரிய அனுபவம் கிடையாதுங்கற மாதிரி. அதுல இருந்துதான் அஞ்சாவது சிம்பொனியோட கடைசிப் பகுதில அந்தக் கொம்பு வாத்தியங்க ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி வர்ற மெட்டு. அதைக் கேட்டுட்டு இந்தச் சிற்பத்தோட மேல் விளிம்பைப் பாருங்க, ஏறும் இறங்கும் மறுபடி ஏறும், கூட்டமா ஒரே பக்கம் சாயும். எனக்கு அது அந்தக் கொம்பு மெட்டுதான். ஹில்டுனென் அதை நினைச்சு செஞ்சாங்கன்னு நான் சொல்ல வரல, எனக்கு அப்படிக் கேக்குது.

நேர்கோடு

@சிம்பொனிப்பித்தன் இதைத்தான் நானும் சொல்றேன். உங்களுக்கு அஞ்சாவது சிம்பொனி தெரியும், அதனால அன்னம் தெரியுது. தெரியாதவனுக்கு?

சிம்பொனிப்பித்தன்

தெரியாதவன் முகத்தைப் பாத்தா மட்டும் இசை கேட்டுடுமா? ஒரு வயசான ஆளு தெரிவார், அவ்ளோதானே.

டிக்வெல்டர்77

வணக்கம். நான் 19 வருஷமா வெல்டிங் வேலைல இருக்கேன், பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் பைப், பால் பண்ணை லைன், மருந்துக் கம்பெனி லைன். கலை பத்தி எனக்குப் பெருசா தெரியாது, இந்த இழை கண்ணுல பட்டதும் படங்களைப் பெருசு பண்ணிப் பாத்தேன், நேத்து ராத்திரி பூரா அதுதான் வேலை. சில விஷயம் சொல்லணும்.

அது அமிலம் தாங்குற ஸ்டெயின்லெஸ், நாங்க 316ன்னு சொல்ற வகை அது. ஸ்டெயின்லெஸ் சூடானா சாதா இரும்பை விட சுமார் ஒன்றரை மடங்கு விரியும், ஆனா சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, ஒரே இடத்துலயே சூடு தேங்கி நிக்கும். அதனால பக்கத்துப் பக்கத்துல குழாயை வச்சு ஒட்டினா இழுத்துக்கிட்டுப் போயிடும், நேரா வச்சது கோணையாகும். ஒரு பக்கம் டேக் (சின்னப் புள்ளி ஒட்டு) போட்டு, எதிர்ப்பக்கம் போட்டு, ஆற விட்டு, மறுபடி வரணும். 24 டன்னை 600ஆல வகுத்தா சராசரியா ஒரு குழாய்க்கு 40 கிலோ. அதுல அந்த அலை வடிவம் கலையாம நிக்குதுன்னா எவ்ளோ பொறுமை வேணும்னு எனக்குத் தெரியும்.

அதை விட முக்கியம் குழாயோட மேல்தோல். எங்க வேலைல பீடு, அதாவது ஒட்டின கோடு, வழவழன்னு இருக்கணும், நாணயம் அடுக்கின மாதிரி சீரா வரணும், நிறம் மாறிட்டா பிக்ளிங் பேஸ்ட்னு ஒரு அமிலப் பசை போட்டு எடுத்துடுவோம், இன்ஸ்பெக்டர் ஒரு சின்னப் பள்ளம் பாத்தாக்கூட வெட்டிப்போட்டுடுவார். இந்தம்மா அதுக்கு நேர் எதிரா செஞ்சிருக்காங்க. குழாய்த்தோல் பூரா நெருப்பால வரி போட்டு மேடும் பள்ளமுமா ஆக்கியிருக்காங்க, சில இடத்துல கிழிஞ்சு ஓட்டையா இருக்கு, விளிம்பு எல்லாம் உருகி நின்ன மாதிரி. மரப்பட்டை மாதிரி இருக்கு. தெரியாம வந்தா அது பிழை. ஒவ்வொரு குழாயிலும் வேற வேற மாதிரி வந்திருக்குன்னா கை தெரிஞ்சு செஞ்சது. நாங்க மறைக்கறதை எல்லாம் அவங்க வெளிய வச்சிருக்காங்க.

அப்புறம் புகை. ஸ்டெயின்லெஸ் வெல்டிங் புகைல குரோமியமும் நிக்கலும் வரும், அந்த ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரலுக்கு நஞ்சு. வெல்டிங் புகையையே புற்றுநோய் உண்டாக்கறதுன்னு உலக அளவுல முதல் பிரிவுல சேத்தது 2017லதான். 60கள்ல யாரு மாஸ்க் பத்தி யோசிச்சா. அந்தம்மா அதை எத்தனை வருஷம் மூச்சு வாங்கினாங்க?

உளிச்சத்தம்

அண்ணே, இந்த ஒரு பதிவுக்காகவே இழை போட்டது பிரயோஜனம். போட்டி முடிஞ்சு திறப்பு விழா வரைக்கும் அஞ்சு வருஷம்னு வச்சுக்குங்க, அதுல பெரும் பகுதி வெல்டிங் வேலைதான். வரைபடம் குடுத்து ஃபேக்டரில செஞ்சு வாங்கின சிற்பம் இல்ல இது, உதவிக்கு ஆள் வச்சுக்கிட்டு அவங்களே முகமூடி மாட்டி நின்னு ஒட்டினது. அந்தப் புகை அவங்க மூச்சையும் பாதிச்சுது.

மரப்பட்டைன்னு சொன்னீங்க பாருங்க, அந்த பார்க் பூரா பிர்ச் மரம்தான், வெள்ளையும் கருப்புமா வரி வரியா உரியற பட்டை. நீங்க படத்துல பாத்து சொன்னது நேர்ல நின்னா சட்டுனு தோணும்.

செம்பருத்திப்பூ

நான் கொஞ்சம் பின்னாடி போறேன், ஏன்னா எல்லாரும் 1967லயே நிக்கறீங்க. ஹில்டுனென் பிறந்தது சோர்தவாலா. லதோகா ஏரிக்கரைல இருக்கற ஊர், கரேலியா பக்கம். அன்னைக்கு பின்லாந்து, இன்னைக்கு ரஷ்யா. 1940 மார்ச் மாஸ்கோ ஒப்பந்தத்துல அந்த நிலம் சோவியத்துக்குப் போச்சு, 41ல திரும்பப் பிடிச்சாங்க, 44ல நிரந்தரமா போச்சு. சுமார் நாலு லட்சம் பேர் வீடு வாசலை விட்டுட்டு மேற்கே வந்தாங்க. அந்தம்மாவுக்குப் பிறந்த ஊர் இன்னொரு நாட்டுல இருக்கு. படிப்பு முடிச்சு வேலைக்கு வந்ததும் அதே சமயம். ஆரம்பத்துல அவங்க செஞ்சது போர்ல இறந்தவங்களுக்கான நினைவுச்சின்னமும் மனுஷங்களோட உருவத் தலையும்தான், கல்லு, வெண்கலம்னு வழக்கமான பொருள். 50களோட கடைசிலதான் உலோகத்தை ஒட்டற பக்கம் வந்தாங்க.

இதனாலதான் உளிச்சத்தம் சொல்ற ‘முகம் ஒரு விலை’ங்கற பேச்சை என்னால ஏத்துக்க முடியல. உருவத் தலை செய்யறது அவங்களுக்குப் புதுசு இல்ல, யாரோ கட்டாயப்படுத்தி உளியைக் கையில திணிச்ச மாதிரி பேசறோம். அவங்களோட தொழிலே அங்கதான் தொடங்குச்சு. அந்த முகத்தையும் கூர்ந்து பாருங்க, நேர்கோடு சார் சொல்ற மொட்டைத் தலைத் தாத்தா இல்ல அது. முடி இருக்கற, எழுதிக்கிட்டு இருந்த வயசு சிபெலியஸ், சுத்தி மேகம் மாதிரி எஃகு சுருண்டு நிக்குது. கேட்டவங்களுக்கு அவங்க கேட்ட முகத்தையே குடுக்கல பாருங்க.

இன்னொண்ணு, இதே காலத்துல லைலா புல்லினென்னு ஒரு சிற்பி, 1933ல தெரியோகில பிறந்தவங்க. அந்த ஊரும் அதே கரேலியாதான், அதுவும் கை விட்டுப் போன நிலம். அவங்க செம்புத் தகட்டை வெடிமருந்து வச்சு வெடிக்க வச்சு வடிவம் எடுத்தாங்க. ரெண்டு பெண்கள், ரெண்டு பேரும் பிறந்த ஊரைத் தொலைச்சவங்க, ஒருத்தங்க நெருப்பால உலோகத்தைக் கிழிச்சாங்க, இன்னொருத்தங்க வெடியால மடக்கினாங்க. இதுல நேரடித் தொடர்பு இருக்குன்னு சொல்ல மாட்டேன், ஆனா எனக்கு இதை நினைச்சா மனசு ஒரு மாதிரி ஆயிடுது.

உளிச்சத்தம்

@செம்பருத்திப்பூ அக்கா, மொட்டைத் தலை விஷயம் நான் கவனிக்கவே இல்ல. இத்தனை தடவை படம் பாத்திருக்கேன். கொஞ்சம் யோசிக்கணும்.

நேர்கோடு

நானும் படத்தைத் திரும்பப் பாத்தேன். உண்மைதான். ஆனா ஒரு சந்தேகம். அருவச் சிற்பம்னா, அதாவது ஆள் உருவம் இல்லாத சிற்பம்னா, 60கள்ல பின்லாந்துல இவ்ளோ எதிர்ப்பு வர அப்படி என்ன புதுசு? ஐரோப்பால அதுக்குள்ள எவ்வளவோ வந்துருச்சே.

செம்பருத்திப்பூ

ஐரோப்பால வந்துச்சு, பின்லாந்துல நடு வீதிக்கு வரல. 1960லதான் ஹெல்சின்கி நடுவுல, போர்ல படையை நடத்தின மார்ஷல் மன்னர்ஹைமோட குதிரைச் சிலை வச்சாங்க, ஐமோ துகியைனென் செஞ்சது, குதிரை குதிரையாவும் மார்ஷல் மார்ஷலாவும் இருந்துச்சு. நாட்டுப் பெரியவர்னா அப்படித்தான்னு எல்லாருக்கும் பழக்கம். அதுக்கடுத்த வருஷம் ஓரிவேசிங்கற ஊர்ல கையா, ஹெய்க்கி சிரேன் தம்பதி வடிவமைச்ச புதுச் சர்ச் வந்துச்சு. அங்க பலிபீடத்துக்குக் கைன் தாப்பர்னு ஒரு சிற்பி மரத்துல ஒரு புடைப்புச் சிற்பம் செஞ்சார், இயேசுவைச் சிலுவைல அறைஞ்ச கொல்கொதா மலையை நினைச்சு. சிலுவையும் இல்ல, இயேசுவும் இல்ல, உளி ஓடின மரம் மட்டும்தான். அதுக்கும் பெரிய சண்டை. ஆக ஒரே சில வருஷத்துக்குள்ள சர்ச்ல ஒண்ணு, தேசிய இசைக்கு ஒண்ணு. ரெண்டும் அந்த ஜனங்க ரொம்பப் புனிதமா வச்சிருந்த இடம். கேலரிக்குள்ள இருந்திருந்தா யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டாங்க.

வடக்குவெளிச்சம்

ஹெல்சின்கில ஆறு வருஷமா இருக்கேன், வீட்ல இருந்து நடக்கற தூரம்தான் அந்தப் பார்க். நீங்க யாரும் சொல்லாத ஒண்ணை நான் சொல்லணும். சத்தம்.

கோடைல டூரிஸ்ட் பஸ் வரிசையா நிக்கும், இறங்குவாங்க, அடியில போய் நின்னு மேல பாத்துக் கத்துவாங்க, குழாய்க்குள்ள அது திரும்பி வரும், சிரிப்பாங்க, கிளம்பிடுவாங்க. அது ஒரு சத்தம். நான் சொல்றது குளிர்காலம். டிசம்பர்ல இங்க மூணேகால் மணிக்கே சூரியன் விழுந்துரும். பார்க் கடல் ஓரம்தான், காத்து நேரா அங்க இருந்து ஏறி வரும். ஒரு தடவை வேலை முடிஞ்சு அந்த வழியா நடந்து வந்தேன், ஆள் இல்ல, பனி போட்டு எல்லாச் சத்தமும் அமுங்கிக் கிடக்கு, அப்போ குழாய்க்குள்ள காத்து நுழையற சத்தம் கேட்டுச்சு. ராகம் எல்லாம் இல்ல. ரொம்ப மெல்ல, ஒரு பெரிய மிருகம் தூக்கத்துல மூச்சு விடற மாதிரி. நிறுத்தும், கொஞ்ச நேரம் கழிச்சு வேற பக்கத்துல இருந்து வரும். அங்கயே நின்னுட்டேன். அந்த வருஷம்தான் அம்மா ஊர்ல தவறிட்டாங்க, என்னால போய்ச் சேர முடியல. என்னமோ அந்தச் சத்தத்துல நின்னு அழுதுட்டு வீட்டுக்குப் போனேன்.

அன்னைக்கு முகம் இருந்துச்சா இல்லையான்னு நான் பாக்கவே இல்ல. இருட்டுல அது தெரியாது.

சிம்பொனிப்பித்தன்

@வடக்குவெளிச்சம் என்ன சொல்றதுன்னு தெரியல. அம்மாவுக்காக வருந்தறேன்.

நீங்க சொன்ன மௌனம் பத்தி ஒண்ணு. சிபெலியஸ் 1926ல தாப்பியோலா எழுதி முடிச்சார், காடு பத்தின இசை. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட 30 வருஷம் உயிரோட இருந்தார், பெருசா எதுவும் வெளிய வரல. எட்டாவது சிம்பொனி வரும் வரும்னு உலகமே காத்திருந்துச்சு, அவர் அதை எரிச்சுட்டார். அப்படிப்பட்டவருக்கு நினைவுச்சின்னம்னா பாதி நேரம் பேசாம நிக்கற, காத்து வந்தா மட்டும் மூச்சு விடற ஒண்ணு பொருந்தும்னு இப்போதான் எனக்குத் தோணுது. ஆர்கன்னா யாராவது உக்காந்து வாசிக்கணும். இதுக்கு ஆள் வேண்டாம்.

உளிச்சத்தம்

நேத்து பூரா இதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன், அதனால லேட்டா எழுதறேன். முதல் பதிவுல முகம் இருந்திருக்கவே கூடாதுன்னு எழுதினேன். இப்போ அப்படி எழுத மாட்டேன். ஆனா முழுசா மாறிட்டேன்னும் சொல்ல முடியல. பாரிஸ்ல யுனெஸ்கோ தலைமையகத்துல இதோட சின்ன வடிவம் ஒண்ணு இருக்கு, நியூயார்க் ஐ.நா. வளாகத்துல இதே சிந்தனைல அவங்க செஞ்ச இன்னொரு வேலை இருக்கு. உலகத்துக்கு அனுப்பினப்போ குழாயைத்தான் அனுப்பினாங்க. அவங்க சொல்ல வந்தது குழாய்லதான் இருக்குங்கறதுல எனக்கு மாத்தம் இல்ல. ஆனா முகம் தோத்துப்போனதோட அடையாளம்னு நான் சொன்னது தப்பு. அதைக் குழாயோட ஒட்டாம, உள்ள நுழைக்காம, தள்ளி ஒரு பாறைல தனியா வச்சாங்க பாருங்க, அதுல அவங்க பிடிவாதமும் தெரியுது. குழாய்ங்கள்ல ஒண்ணைக்கூட முகத்துக்காக மாத்திக்கல.

நேர்கோடு

இதுக்கு நான் ஒத்துப்போறேன். தாத்தாவுக்கு விரல் நீட்ட முகமும் இருக்கு, பேரன் ஓடிப் போய் நிக்க குழாயும் இருக்கு. நான் அங்க போனா பேரன் பக்கம்தான் முதல்ல போவேன்னு நினைக்கறேன், இந்த இழை படிச்சதுக்கு அப்புறம்.

அந்தப் பார்க்ல வேற சிற்பம் ஏதாவது இருக்கா?

வடக்குவெளிச்சம்

இருக்கு சார். இல்மதாரும் நீர்ப்பறவையும்னு ஒண்ணு, ஆர்ரே ஆல்தோனென் 1946ல செஞ்சது. பின்லாந்தோட கலேவலா காப்பியத்துல உலகம் பிறக்கற கதை, இல்மதாரோட முழங்கால்ல பறவை முட்டையிடும். அது முழு உருவச் சிலை, அழகா இருக்கும், யாரும் கண்டுக்க மாட்டாங்க பாவம்.

டிக்வெல்டர்77

எல்லாரும் பெரிய விஷயம் பேசறீங்க, எனக்கு ஒரு உதவி வேணும் @வடக்குவெளிச்சம் தம்பி. நெட்ல கிடைக்கற படம் எல்லாம் தூரத்துல இருந்து எடுத்தது. ரெண்டு குழாய் சேர்ற இடம், அந்த ஒட்டு, அது எனக்குக் கிட்டத்துல வேணும். உள்பக்கம் முடிஞ்சா அதுவும். நாங்க பைப் ஒட்டும்போது உள்ள ஆர்கான் வாயு விடுவோம், விடலன்னா உள்பக்கம் கரிஞ்சு சர்க்கரை பொரிஞ்ச மாதிரி ஆயிடும், அவங்க அதை எப்படிக் கையாண்டாங்கன்னு பாக்கணும். அரை நூற்றாண்டுக்கு மேல கடல் காத்துல நிக்குது, துரு எங்கயாவது கசிஞ்சிருக்கான்னும் பாருங்க. எங்கிட்ட ரெண்டு பசங்க புதுசா கத்துக்கறாங்க, அவங்களுக்குக் காட்டணும். இதை ஒரு பொம்பளை செஞ்சதுன்னு சொன்னேன், நம்பல.

வடக்குவெளிச்சம்

கண்டிப்பா அண்ணே. ஞாயித்துக்கிழமை காலைல பஸ் வர்றதுக்கு முன்னாடியே போயிடறேன், அடியில படுத்து மேல பாத்தும் எடுக்கறேன். அளவு தெரிய பக்கத்துல ஒரு ஸ்கேல் வைக்கவா?

டிக்வெல்டர்77

ஸ்கேல் வேண்டாம் தம்பி, உங்க கையை வச்சு எடுங்க. அவங்க கையும் அந்த இடத்துலதான் இருந்திருக்கும்.